இப்பதான் லைட்டைப் போட்டாங்களா?

போகிக்கு முந்தின நாள். விடியற்காலை 5 மணி. சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அக்கா மகளும் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே தெருவில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம். தென்கிழக்கில் விருச்சிகம் தலை தூக்கியிருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே சித்திரை, கிழக்கே சுவாதி. சர்வதேச விண்வெளி நிலையம் வடமேற்கு அடிவானத்தைத் தாண்டிவிட்டது என்று கையிலிருந்த செல்போன் செயலி சொன்னது. வானத்திலோ ஒன்றையும் காணோம்.

“எங்க மாமா?”

“தலைக்கு மேலதான் வந்துட்டிருக்கு.”

“ஒண்ணும் தெரியலையே.”

நான்கைந்து நிமிடம் அப்படியே போயிற்று. மேகம் இல்லை. 109 மீட்டர் அகலமுள்ள பொருள் ஒன்று நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பாதி வானத்தைக் கடந்து வந்துவிட்டது, கண்ணில் மட்டும் படவில்லை. 5 மணி 5 நிமிடத்துக்கு, சித்திரைக்குச் சற்று மேலே, வெறும் இருட்டாக இருந்த இடத்தில் செம்பு நிறத்தில் ஒரு புள்ளி கண் திறந்தது. சாம்பலை ஊதினால் தணல் சிவப்பது போல முதலில் மங்கலாக, பிறகு மஞ்சளாக. பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் சுவாதியையும் மங்க வைக்கும் வெள்ளை வெளிச்சமாகி, விருச்சிகத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.

“மாமா, இப்பதான் லைட்டைப் போட்டாங்களா?”

அந்த நிலையத்தில் நம் கண்ணுக்கு எட்டும்படி எந்த விளக்கும் இல்லை. நாங்கள் பார்த்தது அதற்கு விடிந்த நேரத்தை. எங்களுக்கு 6 மணி 35 நிமிடத்துக்கு விடியப்போகிற அதே சூரியன், எங்கள் தலைக்கு மேல் 420 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே உதித்துவிட்டது. அதுவரை அந்த நிலையம் பூமியின் நிழலுக்குள் இருந்தது.

பூமியின் நிழல் என்றதும் சந்திர கிரகணம்தான் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருகிறது. பள்ளிப் பாடப் புத்தகங்களும் அந்த ஓர் இடத்தில் மட்டுமே நிழலைப் படம் போட்டுக் காட்டுகின்றன. அதனால் கிரகணத்தன்று மட்டும் எங்கிருந்தோ முளைக்கும் நிழல் போல மனத்தில் பதிந்துவிடுகிறது. இது எனக்கு நெடுநாள் குறை. அந்த நிழல் எப்போதும் இருக்கிறது. இரவு என்று நாம் சொல்வதே அதற்குள் நாம் இருக்கும் நேரத்தைத்தான். மெரினாவிலோ, நாகப்பட்டினத்திலோ, கிழக்குக் கரையில் எந்த ஊரிலோ, மாலையில் சூரியன் மறைந்த பத்து நிமிடம் கழித்துக் கடல் பக்கம் திரும்பிப் பாருங்கள். நீர்க்கோட்டை ஒட்டி, ஈரப் பலகையின் நிறத்தில் கருநீலப் பட்டை ஒன்று எழுந்து நிற்கும். அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை. அந்தக் கருநீலம் மேகமும் அல்ல, மூட்டமும் அல்ல. காற்று மண்டலத்தின் மீது விழும் பூமியின் நிழல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உயர்ந்து, இளஞ்சிவப்பை விழுங்கி, கடைசியில் மொத்த வானமாகிவிடும். காலையில் இதே காட்சி தலைகீழாக மேற்கே நடக்கும்.

இந்த நிழலின் நீளத்தைக் கணக்கிடும் வழியை 499-ஆம் ஆண்டு வாக்கில் ஆரியபட்டர் எழுதிவைத்தார். சூரியனின் தூரத்தைப் பூமியின் விட்டத்தால் பெருக்கு. சூரிய விட்டத்திலிருந்து பூமி விட்டத்தைக் கழித்து வரும் எண்ணால் வகு. அவ்வளவுதான். இன்றைய அளவுகளை அதில் போட்டுப் பார்ப்போம்: தூரம் 14.96 கோடி கி.மீ., பூமி விட்டம் 12,742 கி.மீ., சூரிய விட்டம் 13.92 லட்சம் கி.மீ. விடை ஏறக்குறைய 13.8 லட்சம் கிலோமீட்டர். சூத்திரம் இன்றும் அப்படியே செல்லும். நிலவு இருப்பது 3.84 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில். அதையும் தாண்டி மூன்றரை மடங்குக்கு மேல் கூம்பாக நீளும் நிழல் இது. 1975-இல் இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுவும் இந்த நிழலுக்குள் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

விண்வெளி நிலையம் போகும் உயரத்தில் கூம்பின் சரிவு பொருட்படுத்த வேண்டாத அளவு. பூமிக்குப் பின்னால் இரண்டாயிரம் கிலோமீட்டர் போனால் கருநிழலின் ஆரம் பத்துக் கிலோமீட்டர்தான் குறையும். ஆகவே நிழலை, பூமி அகலமுள்ள ஒரு நேர்க்குழாயாகவே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால், எப்போது வெளிச்சம் படும் என்ற கேள்வி ஒன்பதாம் வகுப்புச் செங்கோண முக்கோணத்தில் முடிந்துவிடுகிறது.

பூமியின் மையம் ஒரு முனை. சூரியக் கதிர் தரையை உரசிக்கொண்டு போகும் இடம் இரண்டாவது முனை, அங்கே செங்கோணம். அந்தக் கதிர் போய்த் தொடும் செயற்கைக்கோள் மூன்றாவது முனை. இனி, செயற்கைக்கோளுக்கு நேர் கீழே இருக்கும் ஊரில் சூரியன் அடிவானத்துக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்று பாருங்கள். மையத்தில் இருக்கும் கோணமும் அதுவேதான். அந்தக் கோணத்தின் கோசைனால் 6,371-ஐ வகுத்து, அதிலிருந்து 6,371-ஐக் கழித்தால், அந்த ஊருக்கு மேலே நிழல் எத்தனை கிலோமீட்டர் உயரம் வரை நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

சூரியன் 6 டிகிரி இறங்கியிருக்கும்போது, அதாவது தெருவிளக்கு தேவைப்படும் அந்தி நேரத்தில், நிழலின் உயரம் வெறும் 35 கி.மீ. 12 டிகிரியில் 142. முழு இருட்டாகும் 18 டிகிரியில் 328. அடுத்த இரண்டு டிகிரியில் மளமளவென்று ஏறி 409. 30 டிகிரியில் 986. 45 டிகிரியில் 2,600-ஐத் தாண்டிவிடும். முதலில் நத்தை போல ஊர்ந்து, பிறகு தாவும் நிழல் இது.

420 கி.மீ. உயரத்தில் போகும் விண்வெளி நிலையத்துக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஓர் எண் கிடைக்கிறது: 20.3 டிகிரி. எந்த ஊருக்கு மேலே அது பறக்கிறதோ அந்த ஊரில் சூரியன் 20.3 டிகிரிக்குக் குறைவாக இறங்கியிருந்தால் நிலையத்தின் மேல் வெயில். அதிகமாக இறங்கியிருந்தால் இருட்டு. நாங்கள் பார்த்த அன்று காலை சென்னையில் சூரியன் 20 டிகிரி கீழே இருக்கும் நேரம் 5 மணி 11 நிமிடம். நிலையம் அதற்கு ஆறு நிமிடம் முன்பே வந்துவிட்டதால், உச்சியைத் தாண்டித் தென்கிழக்கே கொஞ்ச தூரம் போய்த்தான் விளிம்பை எட்டியது. அதே நிலையம் அரை மணி நேரம் தாமதித்து வந்திருந்தால் மேற்கு வானத்தில் பாதி ஏறுவதற்குள்ளேயே ஒளிர்ந்திருக்கும். முக்கால் மணி நேரம் முந்தி வந்திருந்தால் கிழக்கே அடிவானத்தை ஒட்டி, பத்து டிகிரி உயரத்தில், தென்னந்தலைகளுக்குப் பின்னால் தோன்றியிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மாலையில் எல்லாமே எதிர்ப்பக்கம் நடக்கும். நிலையம் மேற்கிலிருந்து பளிச்சென்று ஏறிவரும். தலைக்கு மேலோ கிழக்கிலோ நிழலில் மோதிச் சிவந்து அணையும். பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பது இந்த மாலைக் காட்சியைத்தான். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விடியற்காலை வருகைக்கு இது ஈடில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் கண்ணை நட்டுவைத்துக் காத்திருந்து, அங்கேயே அது முளைப்பதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதும் இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. லண்டனில் ஜூன் மாத நள்ளிரவில்கூடச் சூரியன் 15 டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. தலைக்கு மேலே நிழலின் உயரம் 230 கி.மீ.கூட இல்லை. அதனால் கோடையில் அந்த ஊர்க்காரர்கள் ஒரே இரவில் நான்கைந்து முறை விண்வெளி நிலையத்தைப் பார்க்கிறார்கள். சென்னையில் அதே நள்ளிரவில் சூரியன் 53 டிகிரிக்கும் கீழே. நிழல் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. நமக்கு அந்தியை ஒட்டிச் சுமார் இரண்டு மணி நேரம், விடியலை ஒட்டிச் சுமார் இரண்டு மணி நேரம், அதற்குள்தான் அது தெரியும். அதுவும் தினமும் இல்லை. நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளம் நாளுக்கு 5 டிகிரி மேற்கு நோக்கித் திரும்புகிறது. சூரியன் விண்மீன்களுக்கு நடுவே 1 டிகிரி கிழக்கே நகர்கிறது. இரண்டும் சேர்ந்து, நம் ஊரை அது கடக்கும் நேரம் சராசரியாக நாளுக்குச் சுமார் 24 நிமிடம் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. சில நாள் காலையில் தெரியும். பிறகு பல நாள் நள்ளிரவிலும் நடுப்பகலிலும் கண்ணில் படாமல் கடந்துபோகும். மறுபடி திரும்பி வரும். “போன வாரம் வந்துதே, இந்த வாரம் ஏன் வரலை?” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

இதுவரை சொன்னதில் நிழலின் விளிம்பைக் கத்தியால் வெட்டிய கோடு போல வைத்துக்கொண்டோம். செயலிகளும் அப்படித்தான் ‘5:05:10’ என்று ஒற்றை எண்ணைக் காட்டுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தக் கோடு கலையும் இடம்தான்.

முதல் காரணம், சூரியன் ஒரு புள்ளி இல்லை; அரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக அகலமுள்ள தட்டு. நிலையம் 93 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுவதால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 டிகிரி நகர்கிறது. அதாவது ஒரு டிகிரிக்கு 15 நொடி. விளிம்பை நேர்க்குத்தாகக் கடந்தால், அங்கிருப்பவர்களுக்குச் சூரியன் தலை காட்டுவதிலிருந்து முழுதாக வெளிவருவது வரை 8 நொடி. நமக்கு அதே வேலைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. விளிம்பைச் சாய்வாகக் கடந்தால் இந்த 8 நொடி இருபதாகவும் நீளும். நாங்கள் பார்த்த பாதை அவ்வளவு சாய்வில்லை.

இரண்டாவது, காற்று. அடிவானத்தை ஒட்டி வரும் கதிரைக் காற்று மண்டலம் அரை டிகிரிக்கு மேல் வளைக்கிறது. தரையில் நிற்கும் நமக்கு அந்த ஒருமுறை வளைவுதான். விண்வெளியில் இருப்பதற்கு, கதிர் காற்றுக்குள் நுழைந்து தரையை உரசி மறுபடி வெளியேற வேண்டும். இருமுறை வளைகிறது, ஒரு டிகிரிக்கு மேல். முக்கோணக் கணக்குச் சொல்வதற்கு முன்பே, நிழல் என்று நாம் வரைந்த இடத்துக்குள்ளேயே, கொஞ்சம் வெளிச்சம் கசிந்துவிடும். ஆனால் அத்தனை தூரம் காற்றில் நீந்தி வந்ததில் நீலம் எல்லாம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். முழு கிரகணத்தில் நிலவு செம்பாகத் தெரிவதும் இதனால்தான். அக்கா மகள் பார்த்த தணல் நிறம், பூமியில் அந்த நொடியில் விடிந்துகொண்டிருந்த ஓர் இடத்தின் செவ்வானம்.

எந்த இடம் என்றுகூடச் சொல்லிவிடலாம். கதிர் தரையை உரசும் இடம், நிலையத்துக்கு நேர் கீழே உள்ள ஊரிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 20.3 டிகிரி தள்ளி, அதாவது சுமார் 2,260 கி.மீ. தூரத்தில் இருக்கும். தை மாதத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து அந்தத் திசையில் அளந்தால் வங்கக் கடல் முழுவதையும் தாண்டி, மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், லங்காவித் தீவுப் பக்கம் போய் நிற்கும். சோழர் காலத்துக் கடாரத்தின் கரை. அங்கே மீனவர் ஒருவர் சூரியன் கடலோரம் தலை காட்டுவதைப் பார்க்கும் அதே நொடியில், அவரை உரசிப்போன கதிர்தான் சென்னைக்கு மேலே நிலையத்தைப் பற்றவைக்கிறது.

அங்கே பெரிய மழைமேகம் எழும்பி நின்றால்? வெப்பமண்டல மேகங்களின் தலை 15 கி.மீ. உயரம் வரை போகும். அந்த மேகம்தான் அப்போது பூமியின் விளிம்பு. முக்கோணத்தில் பூமியின் விளிம்பை ஒரு கிலோமீட்டர் உயர்த்திப் பாருங்கள்: நிலையத்துக்கு விடிவது 0.4 நொடி தள்ளிப்போகும். 15 கி.மீ. மேகம் என்றால் 6 நொடி. பூமி நடுக்கோட்டில் பருத்து, துருவங்களில் 21 கி.மீ. சப்பையாக இருப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 8 நொடி வரை பிசகும். இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மொட்டை மாடியில் கைக்கடிகாரத்தோடு நிற்கும் ஒருவர், ஒளி தோன்றும் நேரத்தை ஒரு நொடி துல்லியமாகக் குறித்தால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பூமியின் ஓரம் எவ்வளவு உயரமாக இருந்தது என்பதை மூன்று கிலோமீட்டருக்குள் அளந்துவிட்டதாக அர்த்தம்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலையம் அந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். நிழல் ஒழுங்கானது, நூறு ஆண்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்; செயற்கைக்கோள் அப்படியில்லை.

ஒவ்வொரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையும் உலகெங்கும் இரண்டு வரிகளாகப் பரிமாறப்படுகிறது. வரிக்கு 69 இடங்கள். துளை அட்டைக் காலத்து வடிவம், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பட்டியலில் விண்வெளி நிலையத்தின் எண் 25544. பாதையின் சாய்வு, நீள்வட்டத்தின் அளவு, நாளுக்கு எத்தனை சுற்று, காற்று எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் அடக்கம். 1980-இல் வெளியான ஒரு கணக்கு முறை அதிலிருந்து எந்த நேரத்துக்கும் இடத்தைக் கொடுத்துவிடும். உங்கள் செல்போன் செயலி உள்ளுக்குள் செய்வதும் இதைத்தான்.

அந்த இரண்டு வரிகள் காய்கறி மாதிரி, நாள்பட்டால் வாடிவிடும். 400 கி.மீ. உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அது நிலையத்தை மாதத்துக்கு ஏறத்தாழ 2 கி.மீ. கீழே இழுக்கும்; அவ்வப்போது இயந்திரத்தை இயக்கித் தூக்கிவிடுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஒரு சுற்றுக்கான நேரம் 1.2 நொடி குறைகிறது. நாளுக்குப் பதினைந்தரைச் சுற்று. ஒரு கிலோமீட்டரைத் தவறவிட்டால் ஒரே நாளில் 19 நொடி பிசகு. சூரியன் சீறினால் மேல்காற்று சூடாகி உப்பும், இழுப்பு கூடும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் கோள்கள் 49-ஐ ஏவினார்கள். சுமார் 210 கி.மீ. உயரத்தில் இருந்தபோது காந்தப் புயல் வந்தது. ஏறத்தாழ 40 கோள்கள் உயர முடியாமல் விழுந்து எரிந்தன. அடுத்த மாதம் எந்த நொடியில் எது தோன்றும் என்று துல்லியமாக யாரும் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நிழலின் கணக்கில் குறையில்லை. நாளைக்கு மேல்காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்பதுதான் தெரியாது.

உயரே போகப் போக நிழலின் கதையும் மாறுகிறது. 550 கி.மீ. உயரத்தில் செல்வதற்கு 20.3-க்குப் பதில் 23 டிகிரி, 1,200 கி.மீ. என்றால் ஏறக்குறைய 33. உயரம் கூடக் கூட, இரவில் வெளிச்சத்தில் இருக்கும் நேரமும் கூடும். தொலைநோக்கிப் படங்களில் கோடு விழுகிறதே என்று வானியலாளர்கள் தாழ்ந்த பாதைகளைக் கேட்பது இந்த முக்கோணத்தை மனத்தில் வைத்துத்தான். நம் தொலைக்காட்சிக் கோள்கள் நிற்கும் 35,786 கி.மீ. உயரத்தில் பூமியின் நிழல் ஒரு சின்ன வட்டம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சம இரவு நாளைச் சுற்றி ஆறேழு வாரம் மட்டும், நள்ளிரவை ஒட்டி, அதிகபட்சம் 70 நிமிடம் போல நிழலுக்குள் போய்வரும். அந்த நேரத்துக்கு மின்கலம்தான். வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தங்கள் கோள் கிரகணத்தில் இருப்பது தெரியவே தெரியாது.

1825-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பினார். கையில் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தி, அந்த ஆண்டு மே 31-ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டால், தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. வாரன் இதைக் ‘கால சங்கலித’ என்ற நூலில் பதிவுசெய்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1952-இல், கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கபாவர் தமிழ் வானியல் பற்றித் தனிக் கட்டுரை எழுதி அந்தச் சோழிக் கணக்கை உலக அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

நிலவும் பூமியைச் சுற்றும் கோள்தான். அது எப்போது பூமியின் நிழலுக்குள் நுழையும், எப்போது வெளியே வரும் என்பது நாங்கள் மொட்டை மாடியில் கேட்ட அதே கேள்வி. அந்தக் கணக்கு முறையில் அண்டம் எப்படி இயங்குகிறது என்ற விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எண்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தன. தொடக்கத்தை 4 நிமிடத்துக்குள் பிடித்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், அவர் அருகே உட்கார்ந்து சோழிகள் நகர்வதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

இந்தக் கதையை அக்கா மகளுக்குச் சொன்னேன். தானும் கணக்குப் போட்டுச் சொல்வேன் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் போகி. நாளுக்குப் பதினைந்தரைச் சுற்று என்பதால் நிலையம் அன்று 48 நிமிடம் முன்னதாகவே வரும்; அதற்கு அடுத்த நாள் பழைய நேரத்தை ஒட்டித் திரும்பும். கிழக்கே தாழ்வாகத்தான் ஒளிர வேண்டும். புகையிலும் பனியிலும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மங்கலாகத்தான் தெரிந்தது. பொங்கலன்று மறுபடி ஏறக்குறைய தலைக்கு மேல் வருவதாகச் செயலி காட்டியது: உச்சம் 5 மணி 1 நிமிடம் 50 நொடி. அந்த ஓர் எண்ணை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டாள். சூரிய உதயம் 6:35. இந்த மாதத்தில் நம் ஊரில் சூரியன் ஒரு டிகிரி ஏற 4.2 நிமிடம். ஆகவே அந்த நேரத்தில் அது 22 டிகிரி கீழே. நிலையம் 20.3 டிகிரி உள்ள இடத்துக்குப் போக இன்னும் 1.7 டிகிரி. பாதை கொஞ்சம் சாய்வு என்பதால் 2 டிகிரி. அதைக் கடக்க 31 நொடி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘5-02-21’ என்று எழுதி வட்டம் போட்டாள்.

பொங்கல் விடியற்காலை. பக்கத்து வீட்டில் ஏற்கெனவே அடுப்பு மூட்டும் சத்தம். என் கையில் கடிகாரம், அவள் கண் சித்திரைக்கு மேலே.

“வந்துருச்சு! சிவப்பா!”

5 மணி 2 நிமிடம் 10 நொடி.

நிலையம் வெள்ளையாகித் தென்கிழக்கே இறங்கி மறையும் வரை பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திறந்தாள். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் 21-இலிருந்து 10-ஐக் கழித்தாள்.

“பதினொரு நொடி முன்னாடியே வந்துடுச்சு மாமா. சூரியனோட மேல் ஓரத்துக்கு ஒரு அஞ்சு. மீதி ஆறு காத்து. சரியா?”

சரியாகத்தான் இருந்தது. வட்டத்துக்குக் கீழே ‘−11’ என்று எழுதி, அடுத்து எப்போது வரும் என்று கேட்டாள்.